பொருநைக் கரைப் பதிகங்கள் மூன்று: ஓர் உள்ளத்தின் மூன்று குரல்கள்

திருப்பாடல்களைப் பயில்வார் மூவகையினர். சொல்லழகும் பொருளழகும் கண்டு இன்புறுவார் ஒரு சாரார். அவற்றின்கண் சமயக் கோட்பாட்டைத் தேடுவார் மற்றொரு சாரார். தம் உள்ளத்தை நெறிப்படுத்தும் துணையாகக் கொண்டு நாள்தோறும் ஓதுவார் பிறிதொரு சாரார். முதலிரு வகைப் பயிற்சியும் ஆராய்ச்சி உலகில் நன்கு இடம்பெற்றுள்ளன. மூன்றாவது வகையோ, பெரும்பாலும் தனியன்பர்க்கு உரியதென விடப்பட்டுள்ளது. ஒரு பதிகம் அகவுணர்வுக்கு வழிகாட்டுகின்றது என்று கூறினால், அது பாட்டினுள் இருப்பதா, ஓதுவார் தாமே ஏற்றிக்கொண்டதா என்னும் வினா எழும். இவ்வினாவுக்குப் பாட்டின் சொற்களைக் கொண்டே விடை காண இயலும் என்பது நம் கருத்து. நம்மாழ்வாரின் திருவாய்மொழியிலுள்ள மூன்று பதிகங்களை எடுத்துக்கொண்டு இதனை ஈண்டு ஆராய்வோம்.

1. ஆராய்ச்சியின் எல்லை

திருவாய்மொழி 1102 பாசுரங்களையும் 100 பதிகங்களையும் உடையது. பத்துப் பத்துகளாக வகுக்கப்பெற்றது. அவற்றுள் 27 பதிகங்களில் ஆழ்வார் தம் குரலிற் பேசாது பெண்டிர் குரலிற் பேசுகின்றார். மகள் கூற்றாக 17, தாய் கூற்றாக 7, தோழி கூற்றாக 3 என்பது உரைமரபினர் கொண்ட கணக்கு. இவற்றுள் நாம் எடுத்துக்கொள்வன ஆறாம் பத்தின் ஐந்தாம் பதிகம், அப்பத்தின் ஏழாம் பதிகம், ஏழாம் பத்தின் மூன்றாம் பதிகம் என்பன. முதலாவது தோழி கூற்று, தொலைவில்லிமங்கலத்தைப் பற்றியது. இரண்டாவது தாய் கூற்று, திருக்கோளூரைப் பற்றியது. மூன்றாவது மகள் கூற்று, தென்திருப்பேரெயிலைப் பற்றியது.

இம்மூன்று ஊர்களும் தாமிரபரணி எனப்படும் பொருநையின் கரைப்பகுதியில் அமைந்தவை. தொலைவில்லிமங்கலம் வடகரையில் உள்ளது. இரட்டைத் திருப்பதி என இன்று வழங்குவது. மற்றவை இரண்டும் தென்கரையில், ஆழ்வார் அவதரித்த திருக்குருகூருக்கு அணித்தாக உள்ளன. தென்திருப்பேரெயில் இன்று தென்திருப்பேரை என்றும், திருக்குருகூர் ஆழ்வார்திருநகரி என்றும் பெயர் பெற்றுள்ளன. 1986இல் தூத்துக்குடி மாவட்டம் தனியே பிரிக்கப்படும்வரை இவை யாவும் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தவை. தாம் வாழ்ந்த ஊரின் அண்டையிலுள்ள மூன்று ஊர்களையே மூன்று குரல்களுக்கும் உரியனவாக ஆழ்வார் அமைத்திருப்பது நினைத்தற்குரியது.

2. உணர்வுநிலை மூன்று

ஆழ்வார் பெண்ணாகப் பேசுவது ஏன்? திருக்குருகைப்பிரான் பிள்ளானின் ஆறாயிரப்படி தொடங்கி, நம்பிள்ளையின் விரிவுரைகளை வடக்குத்திருவீதிப்பிள்ளை ஏட்டிற் பொறித்த ஈடு முப்பத்தாறாயிரப்படி ஈறாகப் பல உரைகள் இவ்வினாவை எதிர்கொண்டுள்ளன. ஆயினும் இதற்கு முறையான விடை வகுத்தவர் அழகிய மணவாளப் பெருமாள் நாயனார் ஆவர். பிள்ளை லோகாசாரியரின் இளவலாகிய இவர் இயற்றிய ஆசாரிய ஹ்ருதயம், தோழி, தாய், மகள் என்னும் மூவரும் மூன்று வேறு மாந்தர் அல்லர் என்று கொள்கின்றது. ஓர் உயிரின் அறிவு அடையும் மூன்று நிலைகளுக்கே அப்பெயர்கள் இடப்பட்டன என்பது அந்நூலின் துணிபு. அந்நிலைகளை அது 'ப்ரஜ்ஞாவஸ்தை' என்னும் சொல்லாற் குறிக்கின்றது. உணர்வுநிலை என்று நாம் அதனைத் தமிழில் வழங்கலாம்.

இறைவனுக்கும் உயிருக்கும் உள்ள உறவு இயல்பானது என்று உணர்தல் முதல் நிலை. அதற்குத் தோழி என்று பெயர். அவ்வுறவு கைகூடுதற்கு இறைவனே வழி, தன் முயற்சி வழியன்று என்று துணிதல் இரண்டாம் நிலை; அதற்குத் தாய் என்று பெயர். பேற்றினை இன்றே பெறவேண்டும் என்று பதறுதல் மூன்றாம் நிலை. அதற்கு மகள் என்று பெயர். இம்மூன்றும் திருமந்திரத்தின் மூன்று சொற்களோடு முறையே பொருந்துவன என்றும் உரைமரபினர் காட்டுவர். இந்நூலுக்கு விரிவுரை வகுத்த மணவாள மாமுனிகள் 1370இல் பிறந்தவர். ஆழ்வார்திருநகரியில் திருவாய்மொழிப்பிள்ளையை ஆசிரியராகக் கொண்டு பயின்றவர். ஆகவே உரைமரபு நிறைவெய்தியதும் பொருநைக் கரையிலேயே எனலாம்.

இப்பாகுபாட்டில் ஒரு முரண் உண்டு. இறைவனே வந்து ஆட்கொள்வான், ஆதலின் காத்திருத்தலே தகும் என்பது தாயின் நிலை. காத்திருத்தல் இயலாது, சென்றே தீர்வேன் என்பது மகளின் நிலை. இவ்விரண்டும் ஓருள்ளத்தே எங்ஙனம் ஒருங்கே நிற்றல் கூடும்? தன் முயற்சியை வழியாகக் கொள்ளாத நெறியில் பயிற்சி என்று ஒன்று இருத்தல் கூடுமா? பதிகத்தை அகவுணர்வுக்கு வழிகாட்டியாகக் கொள்வார் எவரும் இவ்வினாவைக் கடந்தே ஆகவேண்டும். ஆகவே வகுத்த பெயர்களோடு அமைந்துவிடாது, மூன்று பதிகங்களையும் தனித்தனியே நோக்குதல் வேண்டும்.

3. தோழி: தொலைவில்லிமங்கலம்

முதற் பதிகத்தின் கூற்று தோழியினுடையது, கேட்போர் தாயர். அகத்திணையில் தலைவியின் காதலைத் தோழி தாய்க்கு வெளிப்படுத்துதலை அறத்தொடு நிற்றல் என்பர். இப்பதிகம் அத்துறையின்பாற் படுவது. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. சங்க இலக்கியத் தோழி தாய் அறியாததை அறிவிப்பவள். இத்தோழியோ, தாயர் தாமே செய்ததை அவர்க்கு நினைவூட்டுகின்றாள். விழாவின் ஆரவாரம் மிக்க அவ்வூருக்குள் இவளை அழைத்துச் சென்றவர் நீவிரே. அதனால் இவளை இழந்தவரும் நீவிரே. இனி இவள்மீது ஆசை வையாது விடுங்கள் என்பது அவள் கூற்றின் சாரம்.

பெண்ணின் நிலையைத் தோழி புலன் புலனாகக் காட்டிச் செல்கின்றாள். கண் அவ்வூர் இருக்கும் திசையன்றி வேறு திசை நோக்காது. செவி அவ்வூர்ப் பெயரன்றி வேறு சொற் கேளாது. வாய் நாள்தோறும் அவன் பெயரையே மொழியும். கரும்பும் செந்நெல்லும் தாமரையும் நாற்புறமும் செழித்து நிற்கும் மருதநிலம் அது. நோக்குதற்கு இனியன பல இருப்பவும் அவள் நோக்கு ஒன்றேயாயிற்று. புலன்களை அடக்குக என்று இப்பதிகம் யாண்டும் கூறவில்லை. புலன்கள் ஒருமுகப்பட்டு நிற்கும் காட்சியை மட்டும் அது காட்டுகின்றது. அடக்குதல் வேறு, ஈர்க்கப்படுதல் வேறு. பின்னதே ஈண்டுக் கூறப்படுவது.

இது நேர்ந்தது எதனால் என்றும் தோழி வினவுகின்றாள். முன்னைப் பிறப்பில் நோற்ற நோன்பின் பயனோ, அன்றி அம்முகில்வண்ணனின் மாயமோ என்பது அவள் ஐயம். உயிரின் முயற்சியோ இறைவனின் அருளோ என்னும் தத்துவ வினாவே இவ்வடிவில் எழுந்துள்ளது. அவள் இரண்டனுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவில்லை. பத்தாம் பாசுரத்தில் வேறொரு வினாவைத் தொடுக்கின்றாள்: இவள் நப்பின்னையோ, நிலமகளோ, திருமகளோ, யார் வந்து இங்ஙனம் பிறந்தாள்? அம்மூவரும் இறைவனுக்கு என்றும் உரியவர். எனவே 'எதனால் வந்தது' என்ற வினா 'இவள் யார்' என்ற வினாவாக மாறிவிடுகின்றது. காரணத்தைத் தேடிய அறிவு உறவைக் கண்டு அமைகின்றது. தோழி என்பது உறவை உணரும் நிலை என்று நாயனார் வகுத்தமைக்குப் பாட்டினுள் உள்ள சான்று இதுவே எனலாம்.

இறுதிப் பாசுரம் மேலும் ஒரு நுட்பம் உடையது. தாயரை ஆசை ஒழிக என்று கூறி வந்த பதிகம், சிந்தையாலும் சொல்லாலும் செயலாலும் இறைவனையே தந்தையும் தாயுமாக அடைந்தவர் என்று சடகோபரைச் சுட்டி முடிகின்றது. தாயரை விடச் சொன்னது தாயன்பை மறுத்ததன்று. அதற்கு உரிய இடத்தை மாற்றியதே ஆம்.

4. தாய்: திருக்கோளூர்

இரண்டாம் பதிகத்தில் மகள் இல்லில் இல்லை. தாய் விழித்து நோக்குகின்றாள். படுக்கை வறிதாக உள்ளது என்று உரைமரபு இதற்கு முன்னுரை கூறும். சங்க இலக்கியத்தில் உடன்போக்கின் பின் நற்றாய் இரங்கும் துறை இது. ஆயினும் அங்கே மகள் தலைவனோடு சென்றாள். ஈண்டு அவனை நாடித் தனியே சென்றாள். பாலைவழியில் அவளுக்குத் துணை எவரும் இல்லை. இம்மாற்றம் சிறிதாயினும் பயன் பெரிது. உயிர் இறைவனை நாடிச் செல்லும் செலவு தனிச் செலவு என்பது இதனால் விளங்கும்.

இரங்கும் தாய் மகளைக் குறித்து முதலிற் கூறுவது அவளுக்கு உணவும் நீரும் வெற்றிலையும் ஆகிய அனைத்தும் கண்ணனே என்பது. உயிரைத் தாங்குவது, வளர்ப்பது, இன்பம் தருவது எனப் பொருள்களை மூன்றாக வகுத்து, அம்மூன்றும் அவளுக்கு ஒருவனே ஆயினான் என்று உரையாசிரியர் விளக்குவர். கிளி, பூவை, பந்து, சிறு தூதை, பூங்கூடை ஆகிய விளையாட்டுப் பொருள்கள் தரும் மகிழ்ச்சியை எல்லாம் திருமால் பெயர்களைச் சொல்லியே அவள் பெற்றாள் என்றும் தாய் கூறுகின்றாள். அண்டை அயலார் இவளை வரம்பு கடந்தவள் என்பரோ, குணம் மிக்கவள் என்பரோ என்று தடுமாறுகின்றாள். அவ்வூரின் பொழிலையும் குளத்தையும் கோயிலையும் காணும்போது மகளின் உயிர் எங்ஙனம் குளிரும் என்று எண்ணிப் பார்க்கின்றாள். குடிக்கு வரும் பழியை எண்ணாது சென்றாளே என்று வருந்துகின்றாள். அவள் வினவுவது பூவைகளையும் தெய்வங்களையுமே. மக்களிடம் கேட்டு அறியத் தக்கதன்று இவ்வினா என்பது குறிப்பு.

தாய் என்பது துணிவின் நிலை என்றார் நாயனார். துணிவுடைய தாய் மகளைத் தடுத்து நிறுத்துபவளாக இருத்தல் வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்போம். ஆனால் இப்பதிகத்தில் தடுத்தற்கு இடமே இல்லை, மகள் சென்றுவிட்டாள். அங்ஙனமாயின் துணிவு எங்கே உள்ளது? முதற் பாசுரத்திலேயே 'திண்ணம்' என்னும் சொல் அமைந்திருத்தலைக் காண்க. மகள் புகும் ஊர் திருக்கோளூரே என்று தாய் உறுதியாக அறிகின்றாள். எவரும் சொல்லவில்லை, அவள் அடிச்சுவட்டைக் காணவும் இல்லை. எனினும் ஐயமில்லை. மகள் திரும்புவாளா, ஊரார் யாது கூறுவர், வழியில் யாது நேரும் என்பவற்றில் எல்லாம் கலங்குகின்ற நெஞ்சு, சென்று சேரும் இடம் எது என்பதில் மட்டும் கலங்கவில்லை. துணிவு என்பது கலக்கம் இன்மையன்று. கலக்கத்தினிடையே எல்லையை மறவாமை. இவ்விளக்கம் நாயனாரின் பாகுபாட்டை மறுப்பதன்று. பாட்டிற் காணும் துணிவு தடுத்தலில் இல்லை, அறிதலில் உள்ளது என்று அதனைத் தெளிவுபடுத்துவதே ஆம்.

இவ்வூரோடு இயைந்த வழக்கு ஒன்றும் இதற்குத் துணை நிற்கும். இராமானுசர் திருக்கோளூருக்கு வந்தபோது ஒரு பெண்பிள்ளை அவ்வூரை விட்டு வெளியேறிக்கொண்டிருந்தாள் என்றும், எல்லாரும் புகும் ஊராயிற்றே இது என்று அவர் வினவ, அடியார் பலர் செய்த அருஞ்செயல்களை 81 வாசகங்களாக அடுக்கி, அவ்வாறு தான் ஒன்றும் செய்ததில்லையே என்று அவள் விடையிறுத்தாள் என்றும் கூறுவர். திருக்கோளூர்ப் பெண்பிள்ளை ரகசியம் என்று இது வழங்கும். தாய்ப்பாசுரத்தில் மகள் புகுகின்றாள். வழக்கில் ஒருத்தி வெளியேறுகின்றாள். புகுதற்குத் தகுதி எது என்னும் வினாவே இரண்டற்கும் பொது. செய்ததில்லை என்று எண்ணிப் பின்வாங்கியவளின் சொற்களே பிற்காலத்தார் போற்றிப் பயிலும் நூலாயின என்பது கருதத்தக்கது.

5. மகள்: தென்திருப்பேரெயில்

மூன்றாம் பதிகத்தில் மகளே பேசுகின்றாள். தோழி முன்னிலையாரை நோக்கிப் பேசினாள். தாய் படர்க்கையாகிய மகளைப் பற்றிப் பேசினாள். மகள் தன்மையிற் பேசுகின்றாள். 'சேர்வன்' என்னும் தன்மை வினைமுற்று இப்பதிகத்தின் உயிர்ச்சொல். பிறர் கூறிய நிலைகள் இப்பொழுது தானே கூறும் நிலையாயின.

முதற் பாசுரத்தில் இரு காட்சிகள் இணைகின்றன. சங்கும் ஆழியும் ஏந்தியவன் தன் நெஞ்சினூடே புள்ளேறி வருகின்றான் என்பது ஒன்று. வேதவொலியும் விழாவொலியும் பிள்ளைகள் கூடி விளையாடும் ஒலியும் அறாத பேரெயிலைச் சேர்வேன் என்பது மற்றொன்று. அவன் நெஞ்சினுள்ளே இருப்பின் ஊருக்குச் செல்வது எதற்கு? ஊரில் இருப்பின் நெஞ்சினுள் ஊர்வது யாங்ஙனம்? அகக்காட்சி உண்டானபின் புறத்தே செல்லுதல் வேண்டா என்று கருதுவாரும் உளர். இவள் அங்ஙனம் கருதவில்லை. அகத்தே கண்டது புறத்தே செல்லும் விருப்பத்தை மிகுவித்ததேயன்றித் தணிவிக்கவில்லை. அன்றியும், இறைவன் வீற்றிருக்கும் ஊருக்கு அடையாளமாக வேதத்தோடும் விழாவோடும் குழந்தைகளின் விளையாட்டொலியையும் ஒருங்கு வைத்து எண்ணியது பாராட்டுதற்குரியது. வாழ்வின் ஒலிகளை விலக்கிய அமைதி இவள் நாடியதன்று.

நான்காம் பாசுரத்தில் தன் நெஞ்சைக் குறிக்க 'நெஞ்சினார்' என்னும் சொல்லை ஆளுகின்றாள். இழந்த மேனி நிறத்தை மீட்டுவரச் சென்ற நெஞ்சு அங்கேயே தங்கிவிட்டது. சென்ற தூதுவர் திரும்பாதபோது அவரை உயர்வுப் பன்மையாற் கூறுதல் வஞ்சப் புகழ்ச்சியின்பாற் படும். தன் நெஞ்சையே தனக்கு வேறாக, ஒரு பெரியவராக வைத்துப் பேசும் இந்நிலை அகவுணர்வை நுண்ணிதின் நோக்கியவர்க்கே புலப்படும். நினைப்பவள் இங்கே, நினைக்கும் கருவி அங்கே. இனி எவரோடு கலந்து உசாவுவது என்று அவள் கேட்பது வெறும் அணிநயம் அன்று.

ஐந்தாம் பாசுரம் நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது. சினந்து இனி என்ன பயன் என்று தாயரை வினவிய மகள், அடுத்து அவர்களையே வேண்டுகின்றாள்: காலம் தாழாமல் அவ்வூரை எனக்குக் காட்டுங்கள். நாணம் இல்லை என்கின்றாள், தேற்றவேண்டா என்கின்றாள், தன் காதல் மண்ணினும் ஏழ்கடலினும் விசும்பினும் பெரிது என்கின்றாள். அத்தகையவள் தடுப்பாரிடமே வழி கேட்பது ஏன்? பதற்றத்துக்கு விரைவு உண்டு, வழி தெரியாது. வழியை அறிந்திருப்பது துணிவே. அவ்வூரோ, அவன் தானே வந்து வீற்றிருக்கும் ஊர் என்று அப்பாசுரமே கூறுகின்றது. இவள் செல்வது அவன் முன்னரே வந்த இடத்துக்கு. எனவே அவள் செலவு அவன் வரவுக்கு மாறன்று; அதற்கு எதிர்கொள்ளல் ஆகும். முன்னர் நாம் எழுப்பிய முரணுக்குப் பாட்டு தரும் விடை இதுவே. பதற்றம் துணிவை அழிக்காமல் அதனிடமே சென்று இரக்கின்றது.

6. ஒரு தடையும் விடையும்

இவ்வகை விளக்கம் பாட்டின் உணர்ச்சியை வறட்டுத் தத்துவமாக்கிவிடும் என்று தடை கூறுவார் உளர். பிரீட்ஹெல்ம் ஹார்டி 1983இல் வெளியிட்ட பிரிவுப் பக்தி பற்றிய பெருநூலில், ஆழ்வார்களின் உணர்ச்சிப் பெருக்குக்கும் பின்வந்த ஆசாரியரின் கோட்பாட்டு விளக்கத்துக்கும் உள்ள தொலைவை எடுத்துக் காட்டினார். இத்தடையில் உண்மை இல்லாமல் இல்லை. தாய் என்றவுடன் துணிவு என்று எழுதிக்கொண்டு, படுக்கை வறிதாகிய வீட்டையும் பூவைகளை நோக்கிக் கேட்கும் குரலையும் மறந்துவிட்டால் அது பாட்டைப் படித்தது ஆகாது. ஆனால் அக்குறை பெயரை மட்டும் கற்பார்க்கு உரியது. ஈட்டுரை புறப்பொருளாகிய காதற் சூழலை முதலில் முழுமையாக விரித்த பின்னரே உட்பொருளுக்குச் செல்லும். பு. ரா. புருடோத்தம நாயுடு ஈட்டினைத் தமிழாக்கி, சென்னைப் பல்கலைக்கழகம் அதனை வெளியிட்டபின், மணிப்பிரவாள நடை அறியாதாரும் இதனை எளிதிற் காணலாம்.

பிறநாட்டு மரபுகளோடு ஒப்பிடின் இதன் தனித்தன்மை விளங்கும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிளேர்வோ பெர்னார்டு, விவிலியத்தின் உன்னதப்பாட்டை விளக்கி 86 அருளுரைகள் இயற்றினார். அங்கு மணமகள் என்பவள் உயிர், அவள் ஒருத்தியே. எபிரேயத் திருப்பாடல்களுள் 42ஆம் 43ஆம் சங்கீதங்கள் ஒரே பாட்டின் இரு பகுதிகள் என்பது அறிஞர் துணிபு. பாடுவோன் தன் உயிரை நோக்கி ஏன் கலங்குகின்றாய் என்று வினவும் பல்லவி அதில் மும்முறை வருகின்றது. அங்குக் குரல்கள் இரண்டு: கேட்பது ஒன்று, கலங்குவது மற்றொன்று. நம் பதிகங்களிலோ மூன்று. கலங்குவதற்கும் தேற்றுவதற்கும் இடையே இருவரையும் அறிந்த தோழி ஒருத்தி நிற்கின்றாள். வைணவக் குடியிற் பிறந்து கிறித்தவ நெறியைத் தழுவிய எச். ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900) இவ்விருவகைத் திருப்பாடல் மரபும் ஒருங்கே அறிந்த திருநெல்வேலிப் புலவர். ஆதலின் இவ்வொப்புமை வலிந்து கொணர்ந்தது அன்று. இப்பள்ளத்தாக்கில் முன்னரே நேர்ந்த சந்திப்பாகும்.

7. பயிற்சி நெறி

இனிப் பதிகம் தன்னை ஓதுவார்க்கு யாது கூறுகின்றது என்பதைக் காண்போம். தொலைவில்லிமங்கலப் பதிகத்தை வல்லவர் திருமாலுக்கு அடிமை செய்வர் என்பது முதற் பதிகத்தின் பயன். பேரெயிற் பதிகத்தால் ஏத்த வல்லவர் அடிமைத்திறத்தில் ஆழ்ந்தவர் ஆவர் என்பது மூன்றாவதன் பயன். இடையிலுள்ள திருக்கோளூர்ப் பதிகம் ஓதும் முறையையே கூறுகின்றது: அவ்வூரின்கண் சித்தத்தை வைத்து உரைத்தல் வேண்டும். மகள் காலால் நடந்தாள். ஓதுவார் சித்தத்தால் நடத்தல் வேண்டும். இது நாம் ஏற்றிக்கொண்ட பொருளன்று, பாசுரத்திலேயே உள்ளது. பதிகம் அகவுணர்வுக்கு வழிகாட்டுமா என்ற தொடக்க வினாவுக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

வழிபாட்டு மரபும் இம்முறையைக் காத்து வருகின்றது. அத்யயன உற்சவத்தின் இராப்பத்து நாள்களில் நாளுக்கு ஒரு பத்தாகத் திருவாய்மொழி ஓதப்பெறும். அம்முறையில் தோழியின் பதிகமும் தாயின் பதிகமும் ஆறாம் நாளில் அமைகின்றன. மகளின் பதிகம் ஏழாம் நாளில் அமைகின்றது. உறவை உணர்தல், துணிதல், பதறுதல் என்று நாயனார் வகுத்த வரிசையும், இப்பதிகங்கள் நூலுள் நிற்கும் வரிசையும், கேட்போர் செவியில் அவை விழும் வரிசையும் ஒன்றாதல் காண்க. திருவாய்மொழி முழுதும் இவ்வரிசையிற் செல்கின்றது என்று நாம் கூறவில்லை. மகள் கூற்று முதற் பத்திலேயே தோன்றிவிடுகின்றது. இம்மூன்றும் சேர்ந்தவிடத்து இவ்வொழுங்கு புலனாகின்றது என்பதே நாம் கூறுவது.

ஆழ்வார்திருநகரியின் வைகாசி விழாவில் மற்றொரு விளக்கம் கிடைக்கின்றது. ஆழ்வார் புளியமரத்தடியை விட்டு எங்கும் செல்லவில்லை என்பது மரபு. திருப்பேரெயில் சேர்வேன் என்று பாடியவர் இருந்த இடத்திலேயே இருந்தார். விழாவின் கருடசேவை நாளில் நவதிருப்பதி எம்பெருமான்கள் ஒன்பதின்மரும் கருடன்மீது எழுந்தருளி ஆழ்வாருக்குக் காட்சி தருகின்றனர். தொலைவில்லிமங்கலத்தாரும் திருக்கோளூராரும் பேரெயிலாரும் அவருள் அடங்குவர். பதிகத்தில் மகள் செல்கின்றாள். விழாவில் அவன் வருகின்றான். நெஞ்சினூடே புள்ளேறி வந்தவனாக மகள் கண்ட காட்சியே வீதியிற் காணும் காட்சியாகின்றது. பாட்டு மகளின் பதற்றத்தைக் காத்தது. விழா தாயின் துணிவைக் காத்தது. ஒன்றை விட்டு மற்றொன்று நிறைவுறாது.

8. முடிவு

மேற்கூறியவற்றால் பெறப்படுவன சில. தோழி, தாய், மகள் என்னும் மூன்று குரல்களும் ஓர் உள்ளத்தின் உணர்வுநிலைகள் என்று கொண்ட உரைமரபு, பொருநைக் கரைப் பதிகங்கள் மூன்றிலும் பாட்டின் சொற்களாலேயே நிலைபெறுகின்றது. ஆயினும் அந்நிலைகள் ஏணிப் படிகள் அல்ல. ஒன்றில் ஏறியபின் மற்றொன்றை விட்டுவிடுதற்கு இல்லை. பதறும் மகள் துணிவுடைய தாயிடம் வழி கேட்கின்றாள். துணிந்த தாயோ கலக்கத்தோடு பூவைகளைக் கேட்கின்றாள். தோழி இருவரையும் அறிந்து நிற்கின்றாள்.

ஆகவே தன் முயற்சியை வழியாகக் கொள்ளாத நெறியிலும் பயிற்சிக்கு இடமுண்டு. தன்னுள் இப்பொழுது பேசுவது எக்குரல் என்று ஓதுங்கால் அறிந்துகொள்ளுதலே அப்பயிற்சி. காத்திருத்தலைச் சோம்பலாக்காமல் காப்பது மகளின் குரல். விரைவைச் செருக்காக்காமல் காப்பது தாயின் குரல். இரண்டையும் உறவின்கண் நிறுத்துவது தோழியின் குரல். இலக்கியம் பயில்வார் இவற்றை அகத்துறைகளாக மட்டும் கண்டு அமைதலும், சமயம் பயில்வார் கோட்பாட்டுப் பெயர்களாக மட்டும் கொண்டு அமைதலும் நிறைவுடையன ஆகா. வகுப்பறையில் இப்பதிகங்களைக் கற்பிப்போர் மூன்றனையும் ஒரு தொகுதியாக வைத்து, துறையும் உட்பொருளும் ஊரும் ஒருங்கே விளங்கக் கற்பித்தல் நலம் பயக்கும். ஏனைய 24 பதிகங்களையும் இம்முறையில் ஆராய்தல் இனிச் செய்யத்தக்க பணியாகும்.